மலைக்குப் போனவருக்கு ரத்தம் தேவை

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தபோது முதலில் அதைப் பந்தா என்றுதான் நினைத்தேன். தோட்டத்தில் கவாத்து நடக்கிறது, உட்கார நேரமில்லை என்றார். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஆண்கள் தங்களுக்கு நேரமில்லை என்று காட்டிக்கொள்வதற்காக எதையும் செய்வார்கள். ஆனால் டி.வி.யில் செய்தியையும் நின்றுகொண்டே பார்த்தார். தெருமுனை டீக்கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போகிற மனிதர், ஒரு வாரமாக நடந்து போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏங்க, மூலமா?" என்று கேட்டேன்.

போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவாப் பேசு. சூடு. ஒடம்புச் சூடு. வேற ஒண்ணுமில்ல."

காமயகவுண்டன்பட்டியில் ஆண்களுக்கு வருகிற பாதி நோய்க்குச் சூடு என்று பெயர். மீதிப் பாதிக்குக் கண் திருஷ்டி. நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். ரத்த ஓட்ட மண்டலத்தைப் பலகையில் சிவப்பிலும் நீலத்திலும் வரைந்து, எது தமனி எது சிரை என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பதில் வாங்குகிறவள். என் வீட்டில் ஒரு மனிதருக்கு ஆசனவாயின் உட்புறம் இருக்கிற குழாய்கள் வீங்கிப் புடைத்து, தினமும் ரத்தம் போகிறது. அதன் பெயரை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். வெட்கம் அவருடையது, துக்கம் என்னுடையது என்று எங்கள் வீட்டில் பங்கு பிரித்தாகிவிட்டது.

துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினார். கருணைக்கிழங்கு வாங்கி வந்து மசியல் பண்ணச் சொன்னார். இதெல்லாம் பரவாயில்லை, கெடுதல் இல்லாத சங்கதிகள். அடுத்து, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை நம்பி ஒரு லாட்ஜ் அறைக்குப் போனார். 'மூலம், பவுத்திரம். ஆபரேஷன் இல்லை, வலி இல்லை, வேலைக்குத் தடை இல்லை' என்று அதில் போட்டிருந்தது. என்ன படித்தவன் என்று தெரியாத ஒருவன் அங்கே என்னவோ ஒரு ஊசியைப் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்தவர் குப்புறப் படுத்தவர்தான், நாலைந்து நாள் நிமிரவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்று தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். பூச்சிமருந்து வாங்கும்போது டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்து, காலாவதி நாள் பார்த்து, கடைக்காரனைக் குறுக்கு விசாரணை செய்கிற மனிதர். திராட்சைக் கொடிக்குக் கிடைத்த மரியாதை அவர் உடம்புக்குக் கிடைக்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. ஒருநாள் குளித்துவிட்டுக் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து நின்றார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறாராம். அதுவரை மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

அந்த மூளையைப் பார்த்து நானே ஒரு கணம் அசந்துபோனேன். மாலை போட்டால் கறி கிடையாது, சாராயம் கிடையாது. பங்காளிகள் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை. கேட்பாரும் இல்லை. பட்டினி கிடந்தால் விரதம், தரையில் குப்புறப் படுத்தால் பக்தி, வண்டியை விட்டுவிட்டு நடந்தால் வைராக்கியம். ஊரே "சாமி, சாமி" என்று வழிவிட்டது. உண்மையாக விரதம் இருக்கிறவர்களை நான் அறிவேன். அவர்கள் படுகிற பாட்டுக்கு முன்னால் கையெடுத்துத்தான் கும்பிட வேண்டும். இவர் சாமியை மூலத்துக்கு மூடுதுணியாக்கினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கறியும் காரமும் நின்றதால் ரத்தம் கொஞ்சம் குறைந்தது. "பாத்தியா, சாமி சக்தி" என்றார். பிறகு முன்னைவிட அதிகமாகப் போக ஆரம்பித்தது. தோட்டத்தில் பந்தலுக்கடியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாராம். வேலைக்கு வந்த பெண்கள் தண்ணீர் தெளித்து, விரத மயக்கம் என்று சொல்லிக் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். அதை அவர் பெருமையாக என்னிடம் சொன்னபோது நான் சொன்னேன்: "ஆபரேஷனுக்கு வாரீகளா, இல்ல நான் மைக் செட்டு வச்சு ஊருக்குச் சொல்லட்டுமா?"

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு பெண். எனக்கு ஆச்சரியம். பல் டாக்டர் பெண்ணாக இருந்தால்கூட வாயைத் திறக்கத் தயங்குகிறவர் இவர். காரணத்தை அவரே சொன்னார். மூலத்துக்குப் பொம்பளை டாக்டரிடம் நம் ஊர் ஆண் எவனும் போக மாட்டான். அதனால் அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. அந்த அம்மா எப்படிப்பட்ட டாக்டர், கை எப்படி என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கூட்டம் இல்லாத டாக்டர், அவ்வளவுதான் அவருக்குத் தகுதி.

ஊருக்கு, பாதயாத்திரையாக மலைக்குப் போகிறேன், கம்பத்தில் வேறு ஒரு குழுவோடு சேர்ந்து இருமுடி கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்று. தெருக்காரர்கள் கூடி நின்று சரணம் சொல்லி, தெற்கே வழியனுப்பி வைத்தார்கள். கம்பம் போய், பஸ் மாறி, வடக்கே தேனிக்கு வந்தார். வழியில் ஒரு கோயிலில் மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கப்பா" என்றாராம். கேட்டது சாமியிடம் மட்டும். என் தங்கையும் அவள் கணவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தேனியில் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது, சாவி என்னிடம் இருந்தது. நானும் மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அந்த டாக்டர் அதிகம் பேசாதவர். வீங்கிய பகுதியை அறுத்து எடுத்து, அதற்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயைக் கட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார். பெரும்பாலானவர்கள் சில வாரத்தில் பழையபடி வேலைக்குப் போய்விடுவார்கள் என்றார். "ஆனா, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு அபூர்வமா ஒருசிலருக்கு உள்ள இருந்து ரத்தம் போகலாம். கட்டுன இடம் ஆறும்போது குழாய் திறந்துக்கும். முக்கக் கூடாது, அடக்கி வைக்கவும் கூடாது. தண்ணி நெறையக் குடிக்கணும், கீரை சாப்பிடணும், வெந்நீர்ல உக்காரணும். கொஞ்சம் ரத்தம் அதிகமாப் பட்டாலும் உடனே வாங்க." நான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுத் தலைவர் தன் சொந்த வைத்தியத்தைத் தொடங்கினார். போனால் வலிக்கிறது, ஆகவே போகக் கூடாது. போகாமல் இருக்க, சாப்பிடக் கூடாது. தண்ணீரும் குடிக்கக் கூடாது. நான் டம்ளரை நீட்டினால் இரண்டு வாய் வைத்துவிட்டு, நான் திரும்பியதும் தொட்டிச் செடிக்கு ஊற்றினார். அந்தச் செடி மட்டும் அந்த வாரம் செழிப்பாக இருந்தது. வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னால், நான் வாணலியில் கிடக்கிற வடையா என்று கேட்டார். ஒரு வாரம் தாண்டி ஒருநாள் காலையில் அடக்க முடியாமல் உள்ளே போனவர், முக்கி முனகி, வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். "ஏங்க, ரத்தம் வந்துச்சா?" என்றேன். "லேசா" என்றார். அந்த 'லேசா'வைச் சொல்லிவிட்டு இரண்டடி வைத்தவர் சுவரோடு சரிந்தார். கழிப்பறையை எட்டிப் பார்த்தேன். கிடாய் வெட்டின இடம் போல இருந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் உடனே கையுறையை மாட்டிக்கொண்டு சோதித்தார். உள்ளே ஒரு தமனி திறந்து கிடக்கிறது, வெளியே வந்ததுபோக உள்ளேயே தேங்கி நிற்கிறது, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் குழாயைத் தைத்தாக வேண்டும் என்றார். ஏற்கெனவே பல மாதமாக ரத்தம் இழந்த உடம்பு. ரத்த வங்கியில் அவர் வகையில் கொஞ்சம்தான் இருக்கிறது. "அதை ஏத்திட்டே உள்ள கொண்டுபோறேன். அது பத்தாது. ஆள் வரச்சொல்லுங்க, சீக்கிரம்." பலகையில் எத்தனையோ தடவை வரைந்த சிவப்புக் கோடு அது. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் முகம் சாம்பலாக இருந்தது. உதட்டை அசைத்தார். குனிந்தேன். கடைசி வார்த்தை என்று நினைத்தேன்.

"மூலம்னு போட்டுராத. மலைக்குப் போற வழியில வண்டி மோதிருச்சுன்னு போடு."

சாகக் கிடக்கிற மனிதரோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. ரத்தம் வந்தால் போதும், காரணம் எதுவானால் என்ன என்று நினைத்துக்கொண்டு, பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் அவர் சொன்னபடியே போட்டேன். மலைக்குப் போன வழியில் வண்டி மோதிவிட்டது, தேனியில் இன்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ரத்தம் தேவை, உடனே வாருங்கள். அடுத்த நிமிடமே கும்பிடுகிற கை, அழுகிற முகம், 'வர்றோம்', 'கிளம்பிட்டோம்' என்று கொட்டியது. பரவாயில்லை, நம் ஆட்களை நாமே குறைத்துப் பேசக் கூடாது என்று அந்த ஒருநாள் நினைத்தேன்.

உத்தமபாளையம், சின்னமனூர் தாண்டி வர ஒரு மணிநேரம் போதும். அதற்கு மேலும் ஆயிற்று. ஒருவரையும் காணோம். அவருடைய சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். ஊரில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிற ஆள். பின்னால் ஒரே ஹாரன் சத்தமும் கூச்சலுமாகக் கேட்டது.

"எங்கப்பா இருக்கீக?"

"லோயர்கேம்ப்ல இருக்கோம் மதினி. ரோட்ட மறிச்சிட்டோம். ஒரு வண்டி மேல போகாது. மோதுனவனப் பிடிக்காம விடமாட்டோம்."

தேனி வடக்கே இருக்கிறது. இவர்கள் இரண்டு ஜீப் நிறைய ஆள் ஏறி, தெற்கே மலையடிவாரத்துக்குப் போய், குமுளி ரோட்டில் கல்லை உருட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜமாகவே சபரிமலைக்குப் போகிற சாமிகளின் பஸ்களை நிறுத்தி, முன்பக்கம் நெளிந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் வந்து பேச்சுவார்த்தை நடக்கிறதாம்.

"ரத்தம் வேணும்னு போட்டேனேப்பா."

"அது குடுத்துரலாம் மதினி. மொதல்ல இவிங்கள ஒரு வழி பண்ணிட்டு வாரோம். அண்ணன் மேல மோதிட்டுப் போயிருவாய்ங்களா?"

ரத்தம் சிந்தப் போகச் சொன்னால் எங்கள் ஆண்கள் தெற்கு வடக்கு பார்க்காமல் ஓடுவார்கள். ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால்தான் 'பெறகு பாக்கலாம்' என்பார்கள். நர்ஸ் வந்து, "ஆள் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தியேட்டர் கதவு மூடியிருந்தது. அவருடைய மானத்தை இன்னும் எவ்வளவு நேரம் நான் காப்பாற்றுவது, அதற்குள் ஆள் இருப்பாரா என்று யோசித்தேன். உண்மையில் யோசிக்கவே இல்லை. குழுவைத் திறந்து, பட்டனை அழுத்திக்கொண்டு பேசினேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்ல அவுக மலைக்குப் போகல. வண்டி எதுவும் மோதல. அவுகளுக்கு மூலம். மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணி, உள்ள ரத்தக்குழாய் தொறந்துக்கிட்டு ரத்தம் போயிட்டிருக்கு. ரோட்ட விட்டு எந்திரிச்சு இங்கன தேனிக்கு வாங்க. வந்தா ஆளு பிழைப்பாக. இல்லாட்டி, ஊர்ல பந்தல் போட்டு வைங்க."

நீல டிக் வரிசையாக விழுந்தது. கும்பிடுகிற கை ஒன்றுகூட வரவில்லை. ஆனால் மறியல் கலைந்துவிட்டது. போலீஸால் முடியாததை நான் ஒரு சொல்லில் முடித்தேன்.

வந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ரத்த வங்கி வாசலில் வரிசையாக நின்றார்கள். உள்ளே இருந்த பெண் ஒவ்வொருவர் விரலிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்து, நீல நிறத் தண்ணீர் வைத்திருந்த குடுவையில் விட்டாள். சொட்டு மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, கொடுக்கலாம். மிதந்தால் சத்துப் பத்தாது, கொடுக்கக் கூடாது.

முதலில் சித்தப்பா மகன். மீசையை முறுக்கிக்கொண்டு விரலை நீட்டினார். சொட்டு மேலேயே நின்றது. அந்தப் பெண் வேறு விரலில் குத்தினாள். அதுவும் மிதந்தது. அடுத்தவருக்கும் மிதந்தது. அதற்கடுத்தவருக்கு மூழ்கியது, பெருமூச்சு விட்டேன். அதன்பின் மறுபடியும் மிதந்தது. ஆளுக்கு ஒரு கிடாய்த் தொடையைத் தனியாகத் தின்கிற கூட்டம். கை ஒவ்வொன்றும் உலக்கை. பாதிப்பேருக்கு மேல் வெளியே அனுப்பிவிட்டாள்.

"இவங்க எல்லாரும் ஒரே ஊரா? என்ன வேலை பாக்குறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். "ரோட்டு மறியல்" என்றேன்.

ஒதுக்கப்பட்டவர்கள் மரத்தடிக்குப் போனார்கள். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஒருவரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

என் விரலை நீட்டினேன். சொட்டு கல் மாதிரி கீழே போயிற்று. மூழ்கின மூன்று நான்கு பேரோடு நானும் படுத்து ரத்தம் கொடுத்தேன்; வகை பொருந்தியது தியேட்டருக்குள் போயிற்று. டாக்டர் அந்தக் குழாயைத் தேடிப் பிடித்துத் தைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, "நின்னுருச்சு" என்றார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் கண் நன்றாகத் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். உயிர் வந்துவிட்டது, மானம் போய்விட்டது. கணக்கில் நஷ்டம் என்று அந்த முதுகு சொல்லிற்று.

சாயங்காலம் சித்தப்பா மகன் வந்தார். ஆரஞ்சுப் பழம் வைத்தார். நாற்காலியைக் காட்டினேன், வேண்டாம் என்று நின்றார். தண்ணீர் பிடிக்கப் போகிற மாதிரி பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து நின்றேன். ஆண்பிள்ளைகள் தனியாகப் பேசினாலாவது வாய் திறக்குமா என்று பார்க்கலாம்.

"அண்ணே," என்றார் தணிந்த குரலில், "ரொம்ப வலிக்குமா அது?"

அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. என் வீட்டுக்காரர் செத்துப் பிழைத்தவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். பொறுத்திருந்தேன்.

"எதுடா?" என்றார் அவர். "அவ பயத்துல என்னத்தையோ ஒளறிட்டா. எனக்கு அல்சர்டா. கொடல்ல புண்ணு."

"அதானே பாத்தேன்," என்றார் தம்பி. அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "நம்ம வம்சத்துல ஏதுண்ணே அது?"

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை, இரண்டு மீசையிலும். தம்பி என்னைத் தாண்டி வராந்தாவில் நடந்து போனார், காலை அகட்டி அகட்டி. அடுத்து அந்தத் தியேட்டருக்கு யார் போகப் போகிறார், அல்லது போகாமலே எங்கே போகப் போகிறார் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவர் மனைவிக்குப் போன் போட்டேன். எனக்கு இளையவள். வாரச் சந்தையில் பார்த்தால் விலைவாசிக்கு மேல் என்னோடு ஒரு பேச்சும் பேசாதவள்.

"இந்தாத்தா, நான் சுத்தி வளைக்கல. ஒன் வீட்டுக்காரருக்கு ரத்தம் போகுதா?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. பிறகு மெல்லச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா நாந்தானக்கா வேட்டிய அலசிப் போடுறேன். கேட்டா கைய ஓங்கிக்கிட்டு வாராக. எங்க தெருவுல தொவைக்கிற கல்லுக்கு வர்ற எல்லாப் பொம்பளைக்கும் தெரியும், யார் வீட்டு வேட்டியில இருக்குன்னு." அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. "அக்கா, நீங்க குழுவுல அவ்வளவு தைரியமாப் பேசுனீகளே. அப்பவே இவுக பேரையும் சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"